பானுப்ரியா பெய்யவைத்த மழை

போன வாரம் கௌசல்யாவைத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தோம். மடியில் லேப்டாப், கண்ணில் தண்ணீர். யாரோ வேண்டியவர் போய்விட்டார்போல என்று பக்கத்து சீட்டு அம்மா நினைத்துக்கொண்டு, பையைத் துழாவி ஒரு ஆரஞ்சு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். அவள் அழுதது ஆத்திரத்தில். ஆத்திரத்தில் அழுகிற பெண்ணைக் கண்டால் இந்த உலகத்துக்கு மிட்டாய் நீட்டத்தான் தெரிகிறது.

மறந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கௌசல்யா கணிதத்தில் ஆராய்ச்சி மாணவி. திண்டுக்கல் சமவெளியில் நாளுக்கு நாள் எவ்வளவு மழை பெய்கிறது, அந்தப் பெய்தலில் என்ன அமைப்பு இருக்கிறது என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம். அதற்கு ஃப்ராக்டல் வடிவியல் என்று ஒரு வழி. "அப்படின்னா என்னத்தா?" என்று அண்ணன் மணிமாறன் ஒருமுறை கேட்டபோது, அடுப்படியில் கிடந்த முருங்கைக்கீரையை எடுத்துக் காட்டினாள். பெரிய காம்பில் சின்னக் காம்பு, சின்னக் காம்பில் அதைவிடச் சின்னது. எதை ஒடித்துத் தனியே வைத்தாலும் முழு இணுக்கு மாதிரியே இருக்கும். மழையும் அப்படித்தான் என்றாள். பருவம் முழுவதையும் பார்த்தால் கொத்துக் கொத்தாக மழை, நடுவில் நீளமான வெயில். ஒரு கொத்தைப் பிரித்தால் அதற்குள்ளும் கொத்து, அதற்குள்ளும் வெயில்.

வருஷத்தைப் பெட்டி பெட்டியாக வெட்டி, மழை விழுந்த பெட்டிகளை எண்ணுவாள். பெட்டியைச் சின்னதாக்கி மறுபடி எண்ணுவாள். தூறலுக்கு ஒரு எண்ணிக்கை, கனமழைக்கு ஒரு எண்ணிக்கை. அவை மாறுகிற விதத்தில் இந்த மண்ணுடைய மழையின் குணம் பிடிபடும். பிடிபட்டுவிட்டால், அதே குணத்தோடு நூறு வருஷத்து மழையைக் கம்ப்யூட்டரே பெய்து காட்டும். நிஜத்தில் பெய்யாத, ஆனால் பெய்திருக்கக்கூடிய மழை. ஆத்தூர் நீர்த்தேக்கம் எந்த மாதிரி வருஷத்தில் தளும்பும், எந்த மாதிரி வருஷத்தில் தரை தெரியும் என்று அதை வைத்துக் கணிக்கலாம்.

கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க முதலில் நிஜ மழை வேண்டுமே? சேவுகம்பட்டியில் தங்கள் தென்னந்தோப்பில் ஒரு மழைமானியை நட்டுவைத்தாள். தினமும் காலை எட்டரைக்குப் போய் அளந்து வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புகிற வேலையை அண்ணன் மனைவி பானுப்ரியா ஏற்றுக்கொண்டாள். "கௌசி, இன்னைக்கி பதினேழு." "கௌசி, இன்னைக்கி ஒண்ணுமில்ல." மூன்று வருஷமாக இப்படி ஒரு குரல், ஒருநாள் தவறாமல்.

முதல் இரண்டு வருஷத்து மழையும் கம்ப்யூட்டர் மழையும் ஒன்றோடொன்று பொருந்தின. போன வருஷத்து வடகிழக்குப் பருவம் மட்டும் அடம்பிடித்தது. கௌசல்யா தன் புரோகிராமைத்தான் சந்தேகப்பட்டாள். பிரித்துப் பிரித்து எழுதினாள். கடைசியில் எண்களை மட்டும் வரிசையாக எழுதிப் பார்த்தாள். எட்டு, பன்னிரண்டு, எட்டு, பத்து, பன்னிரண்டு. ஆத்தூரில் எண்பது மில்லிமீட்டர் கொட்டிய நாளிலும் இங்கே பன்னிரண்டு. ஆத்தூரில் கொட்டினால் சேவுகம்பட்டியில் காய்வது வழக்கம்தானே என்று அப்போது விட்டிருந்தாள். இப்போது பார்த்தால் தெரிகிறது. வானம் இப்படிப் பங்கு வைக்காது. வாரக்கணக்கில் பட்டினி போடும், பிறகு ஒரே நாளில் திணறத் திணற ஊட்டும். எல்லா நாளுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பரிமாறுவது அடுப்படியில் நிற்கிறவர்களின் பழக்கம்.

மதினி தோப்புக்குப் போகவேயில்லை. வாசல் ஈரத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறாள்.

வழிகாட்டிப் பேராசிரியர் அஜீஸுன்னிசா மேடம் போனில் ரத்தினச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். "நேர்ல போயி அளந்தேன்னு அளந்தவங்க சொன்னா வச்சுக்கலாம்மா. அடிச்சு விட்டதுன்னா அந்தப் பருவம் மொத்தமும் குப்பை. இன்னொரு ஐப்பசி கார்த்திகை காத்திருந்து மறுபடி அளக்கணும்."

காத்திருக்க கௌசல்யாவுக்கு ஏது காலம்? ஆடிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் பெங்களூரில் ஆராய்ச்சி வேலை காத்திருக்கிறது. கொடுக்காவிட்டால் ஒட்டன்சத்திரத்து மாப்பிள்ளை காத்திருக்கிறார். அம்மா கண்ணம்மாள் வைத்த கெடு அது.

இந்த நிலைமையில்தான் அவள் பஸ் ஏறினாள். ஏறியது பானுப்ரியாவின் வளைகாப்புக்கு.

*

வீட்டு வாசலில் பந்தல். உள்ளே கூடம் நிறையப் பெண்கள். சந்தனமும் மல்லிகையும் வியர்வையும் கலந்து ஒரு வாசனை. நடு நாற்காலியில் பச்சைப் பட்டில் பானுப்ரியா, ஏழாவது மாத வயிற்றோடு.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. அதில் ஆறு வருஷம் கண்ணம்மாள் மருமகளை என்னவெல்லாம் சொன்னாள் என்பது பழைய அத்தியாயங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். மறுபடி எழுதக் கை கூசுகிறது. அதே கண்ணம்மாள் இன்று ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, அதே மருமகளின் கன்னத்தில் சந்தனம் தடவிக்கொண்டிருந்தாள். பானுப்ரியாவும் அதற்காக முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அத்தனை சந்தோஷம் அவளுக்கு.

பெற்றவர்கள் இல்லாதவள். நத்தத்தில் இருக்கிற அண்ணன் சுருளிவேல்தான் அவளுக்குத் தாய்வீடு. சீர்த் தட்டுகளை இறக்கி வைத்துவிட்டு, மாம்பழக் கூடையை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் அந்த மனிதர் தடுமாறிக்கொண்டிருந்தார்.

"நாத்தனா வந்துட்டாடி!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

"எம்புட்டு நேரந்தான் உனக்காகக் காத்திருக்கது?" என்று கண்ணம்மாள் மகளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "மொத வளையல் நீ போட்டாத்தான மத்தவுக கை வைக்க முடியும்? வா, வா."

அந்த வீட்டு வழக்கம் அப்படி. வேப்பங்குச்சியை வளைத்துக் கட்டிய காப்பு முதலில், பிறகு கண்ணாடி வளையல். இரண்டையும் நாத்தனார்தான் தொடங்கிவைக்க வேண்டும்.

கௌசல்யா உட்கார்ந்தாள். காப்பைப் போட்டாள். வலது கையில் முதல் வளையலைப் போட்டாள். பானுப்ரியா அவள் காதருகே குனிந்து, "சாப்டியா கௌசி? மூஞ்சி வாடிக் கெடக்கே," என்றாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து வளையல் ஏற்ற, வலது கை முழங்கை வரை நிறைந்துவிட்டது. போட்டோ எடுக்கிறவர் சிரிக்கச் சொன்னார். கௌசல்யா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"மதினி, போன ஐப்பசியில தோப்புக்குப் போனீங்களா, இல்லையா?"

பானுப்ரியாவின் கை அவள் கைக்குள் இறுகியது. "அது... பொறவு பேசுவோம் கௌசி."

"போனீங்களா?"

"இப்ப வேணாம்த்தா. ஒன்னியக் கும்புட்டுக் கேக்குறேன்."

"மூணு வருசம் மதினி. எம்பொழப்பே அதுல இருக்கு. நீங்க அனுப்புன மழை பெய்யவே இல்ல!"

சத்தமாகச் சொல்லிவிட்டாள். கூடம் திரும்பிப் பார்த்தது.

"என்னத்தா சத்தம்?" என்றாள் கண்ணம்மாள்.

இந்த இடத்தில் கௌசல்யா வாயை மூடியிருக்கலாம். ஒன்றுமில்லை என்று சொல்லி அடுத்த வளையலை எடுத்திருக்கலாம். மனசாட்சியுள்ள எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள். அவளுக்கு அப்போது மதினி அழவேண்டும், எல்லோர் முன்னாலும் கூனிக்குறுகி நிற்கவேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"மதினி மழை அளக்கப் போகவே இல்லம்மா. ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் பொய்க் கணக்கு. கம்ப்யூட்டர் காட்டிக் குடுத்துருச்சு."

கண்ணம்மாள் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள்.

"தெனம் காலையில 'மழை அளக்கப் போறேன் அத்தை'ன்னு குடையத் தூக்கிட்டுக் கெளம்புவியே. போனா ஒரு மணி நேரம் ஆளக் காணாதே. அளக்கப் போகலேன்னா எங்கிட்டுப் போன?"

பானுப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேக்குறேன்ல? எங்கிட்டுப் போன?"

ஐப்பசியிலிருந்து வைகாசி வரைக்கும் எண்ண எந்தப் பெண்ணுக்கும் அதிக நேரம் ஆகாது. கூடத்தில் இருந்தவர்கள் எண்ணி முடித்துவிட்டார்கள் என்பது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதில் தெரிந்தது. இடது கைக்கென்று வளையலை எடுத்துவைத்திருந்த ஒருத்தி, அதைச் சத்தமில்லாமல் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள்.

கௌசல்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "நான் அதச் சொல்லலம்மா! மழையப் பத்தித்தான்..."

"நீ சொன்னது போதும். நீ பேசாம இரு."

பானுப்ரியா தலையைத் தூக்கினாள். வாசற்படியில் இலைக்கட்டோடு நின்ற மணிமாறனைப் பார்த்தாள். "சொல்லுங்க," என்றாள்.

"என்னத்தச் சொல்ல?"

"என்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கீங்க. நான் சொல்லக் கூடாது. நீங்களே சொல்லிருங்க."

மணிமாறன் இலைக்கட்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான். "எனக்கு என்ன தெரியும்?" என்றான்.

"மாப்ள, வார்த்தைய யோசிச்சு விடுங்க," என்று சுருளிவேல் முன்னால் வந்தார். 

"அவன எதுக்குத் தம்பி அதட்டுறீக?" கண்ணம்மாள் நடுவில் புகுந்தாள். "வயித்துல கெடக்கது எங்க வீட்டுப் பிள்ளைதானான்னு எனக்கு இன்னைக்கே தெரிஞ்சாகணும். அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டாள். ஆறு வருஷமாகக் குழந்தை இல்லை என்று ஏசினாள், குழந்தை வந்ததும் இப்படி ஏசுகிறாள். அந்த வாய்க்கு எதைக் கொடுத்தால்தான் ஆறும்?

*

கௌசல்யா தன் அறைக்குள் ஓடினாள். இப்போது அது அறை இல்லை, கலியாணப் பாத்திரங்கள் அடுக்குகிற இடம். ஒரு அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பைத் திறந்தாள்.

தன்னால் வந்த வினை, தானே சரிசெய்துவிடலாம் என்ற நினைப்பு. பொய்யான நாட்களைத் தனியாகக் குறித்துப் பார்த்தாள். சோம்பலில் சொன்ன பொய்யென்றால் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறியிருக்க வேண்டும். திரையில் அவை கொத்துக் கொத்தாக நின்றன. புரட்டாசிக் கடைசியில் சேர்ந்தாற்போல் சில நாள், பிறகு நிஜ மழை. ஐப்பசி நடுவில் மறுபடி சேர்ந்தாற்போல். பிறகு கார்த்திகை முழுக்கத் தொடர்ச்சியாகப் பொய். பிள்ளை உண்டானது கார்த்திகையில்.

போனை எடுத்தாள். அந்த நாட்களில் வந்த குரல்களைத் தேடிப் போட்டுக் கேட்டாள். முன்பு எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். ஒரு குரலையும் கடைசிவரை கேட்டவள் இல்லை.

"கௌசி, இன்னைக்கி பன்னெண்டு." அதற்குப் பின்னால் தென்னந்தோப்பின் சத்தம் எதுவும் இல்லை. பஸ் ஹாரன். "நிலக்கோட்டை, நிலக்கோட்டை" என்று கண்டக்டர் கூவுகிறார். இது வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்ட்.

இன்னொன்று. "கௌசி, இன்னைக்கி எட்டு." பானுப்ரியா நிறுத்த மறந்துவிட்டிருக்கிறாள். பின்னால் பைக் உறுமுகிறது. ஒரு ஆண் குரல். "ஊசி போட்ட கையோட நிக்காத பானு. வெரசா ஏறு. அம்மா தேடும்."

மணிமாறனின் குரல்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போன வருஷம் மழைக்குப் பயந்து அண்ணன் வயலில் வெங்காயமே போடவில்லை, மார்க்கெட்டில் அவனுக்கு வேலையே இல்லை. ஆனாலும் தினமும் விடிந்ததும் மார்க்கெட்டுக்கு என்று பைக்கை எடுத்துக்கொண்டு போவான். மதினி குடையோடு தோப்புக்கு என்று கிளம்புவாள். கட்டிய புருஷனும் பெண்டாட்டியும் கள்ளக் காதலர்கள் மாதிரி ஊருக்கு வெளியே சந்தித்து, வத்தலக்குண்டுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். பிள்ளைக்கான ஊசி.

கதவு திறந்தது. மணிமாறன் உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டான். போனில் ஓடிக்கொண்டிருந்த தன் குரலைக் கேட்டான்.

"நிறுத்து அத."

"அண்ணே, நீதான் கூட்டிட்டுப் போயிருக்க!"

"மெதுவாப் பேசு."

"வெளிய வந்து சொல்லுண்ணே. ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம்னு ஒரு வார்த்த சொன்னாப் போதுமே."

"எதுக்குப் போனோம்னு கேப்பாகல்ல?" மணிமாறன் கவிழ்த்த அண்டா ஒன்றின்மேல் உட்கார்ந்தான். "கொறை எங்கிட்டத்தான் கௌசி. டாக்டர் எழுதியே குடுத்துட்டாரு. மருந்து கொஞ்சம் எனக்கு, ஊசி அம்புட்டும் அவளுக்கு. ஆறு வருசமா அம்மா அவளப் பேசுனப்ப நான் வாயத் தொறக்கல. இப்பத் தொறக்கச் சொல்றியா? சுருளிவேல் முன்னாடி? ஊருப் பொம்பளைக முன்னாடி? நாளைக்கி நான் டீக்கடையில போயி உக்கார முடியுமா?"

"மதினிய என்ன பேச்சுப் பேசிட்டிருக்காகன்னு பாரு."

"கொஞ்ச நாள் அவ அண்ணன் வீட்ல இருக்கட்டும். பிள்ள பொறந்தா எஞ்சாடை இருக்கும்ல? அம்மா தன்னால அடங்கிரும்."

அவன் இதைச் சொன்னபோது முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. வழி கண்டுபிடித்துவிட்டவனின் நிம்மதி. இப்படிப்பட்ட ஆண்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நம் வீடுகளில் நல்ல பிள்ளை என்று பெயரெடுத்தவர்கள்.

கௌசல்யா போனைக் கையில் பிடித்தபடி எழுந்தாள். "தள்ளு. நான் போயி இதப் போட்டுக் காட்டுறேன்."

மணிமாறன் வழி விடவில்லை. கோபப்படவும் இல்லை. "உனக்கு என்ன வேணும் கௌசி?" என்று கேட்டான். "மழைய நேர்ல போயி அளந்தேன்னு ஒரு ஆள் சொல்லணும். அதான?"

அவள் நின்றாள்.

"நான் சொல்றேன். தோப்புக்குப் போயி நாந்தான் அளந்தேன், அவள அனுப்பச் சொன்னேன்னு உங்க மேடத்துக்கிட்டப் பேசுறேன். ஆடிக்குள்ள நீ குடுத்துரலாம். நீ பாட்டுக்குப் பெங்களூருக்குப் போ. இல்ல, அதப் போட்டுத்தான் காட்டுவேன்னா காட்டு. உம்பருவம் குப்பை. ஒட்டன்சத்திரத்துக்காரவுகள வரச் சொல்லி அம்மா நாளைக்கே போன் போட்டுரும்."

அந்த எண்கள் பொய் என்று கௌசல்யாவைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்தப் பூமியில் கிடையாது. அதைக் கண்டுபிடித்ததே அவள். அண்ணன் அளந்தேன் என்று சொன்னால், அவள் மழை தப்பிக்கும். ஆனால் மதினி தோப்பில் இல்லை என்பது உறுதியாகிவிடும். எங்கே போனாள் என்ற கேள்வி மட்டும் பானுப்ரியாவின் தலையில் மிச்சம் நிற்கும். ஒரு பொய்யில் ஒருத்தி கரையேற, அதே பொய்யில் ஒருத்தி மூழ்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள அவளுக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.

வெளியே பானுப்ரியா விம்முகிற சத்தம் கேட்டது. கண்ணம்மாளின் குரல் அதற்கு மேல் கேட்டது.

கௌசல்யா ரொம்ப நேரம் யோசித்தாள் என்று எழுதினால் அவளுக்கு நல்லது. அப்படி நடக்கவில்லை. ஒட்டன்சத்திரத்து மாப்பிள்ளையின் முகம் ஒருதரம் வந்து போனது. திரையில் அந்தக் குரலை விரலால் அழுத்திப் பிடித்தாள். அழிக்கவா என்று போன் கேட்டது. அழித்தாள்.

மணிமாறன் அவள் தலையைத் தடவிக் கொடுத்தான். சின்ன வயதில் அவள் விழுந்து எழுந்தால் அப்படித்தான் தடவுவான்.

*

அண்ணனும் தங்கையும் ஒன்றாகக் கூடத்துக்கு வந்தார்கள்.

"கௌசி ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டா," என்று மணிமாறன் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னான். "மழைக் கணக்குல பொய் ஒண்ணும் இல்ல. மார்க்கெட்டுக்குப் போற வழியில தோப்புல எறங்கி நாந்தான் அளந்தேன். சொன்னது மட்டும் இவ."

பானுப்ரியா அவனையே பார்த்தாள். அவள் வாய் திறந்தபடி இருந்தது.

"நெசமாத்தா?" கண்ணம்மாள் மகளைக் கேட்டாள்.

"ஆமாம்மா. கணக்கு சரிதான். அண்ணன்தான் அளந்துச்சு."

"அப்ப இவ தெனம் குடையத் தூக்கிட்டு எங்க போனா?"

கௌசல்யா தரையில் சிந்தியிருந்த குங்குமத்தைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாது," என்றாள்.

சுருளிவேல் தலையில் கைவைத்துக்கொண்டு சீர்த் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். தங்கையை நம்புகிறாரா இல்லையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

"கேட்டீகளா?" கண்ணம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "புருசன் ஒரு பக்கம், நாத்தனா ஒரு பக்கம். யாருக்குமே தெரியலையாம். இனி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது நீ. தம்பி, கொண்டாந்த தட்டயும் எடுத்துட்டுப் போயிருங்க. அந்தப் புளிச்சோறு, தயிர்ச்சோறு எதுவும் இங்க கெடக்கக் கூடாது. ஏய், யாராச்சும் அத மாட்டுத் தொட்டியில கொட்டுங்கடி!"

ஒருத்தி உண்மையாகவே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். சொன்ன வேலையைச் செய்ய எல்லாக் கூட்டத்திலும் ஒரு ஆள் கிடைத்துவிடுகிறார்.

பானுப்ரியா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள். யாரும் தாங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இருந்திருக்காது. புருஷனே இல்லையென்ற பிறகு பெண்டாட்டி சொல்லி யார் நம்பப் போகிறார்கள்? புதுக்கதை கட்டுகிறாள் என்பார்கள். வலது கையில் முழங்கை வரை வளையல், இடது கை வெறும் கை. அப்படியே நடந்து மணிமாறனிடம் வந்தாள்.

"உங்க மானம் போயிரக் கூடாதுன்னுதான சத்தியம் வாங்குனீங்க? போகல. பத்திரமா இருக்கு. வச்சுக்கங்க."

அவன் இலைக்கட்டைத் தேடுகிறவன்போலத் திரும்பிக்கொண்டான்.

பிறகு கௌசல்யாவிடம் வந்தாள். கௌசல்யாவுக்கு ஓடிப்போக வேண்டும்போல் இருந்தது. 

"உன் மழையக் கெடுத்தது தப்புத்தான் கௌசி. வாசலப் பாத்து நானாச் சொன்னேன். எட்டோ பன்னெண்டோ, ஒனக்கு ஒண்ணும் கொறையாதுன்னு நெனச்சேன். எனக்குப் படிப்பு அம்புட்டுத்தான்." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அதுக்கு இது அதிகம்டி."

சுருளிவேலின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அவளுடைய சேலை மேலே பட்டுவிடக் கூடாதென்று சிலர் முந்தானையை இழுத்துக்கொண்டதையும் கௌசல்யா பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அஜீஸுன்னிசா மேடம்.

"என்னம்மா, விசாரிச்சியா?"

"விசாரிச்சேன் மேடம். அண்ணன்தான் நேர்ல அளந்திருக்காங்க. பக்கத்துலதான் இருக்காங்க, குடுக்குறேன்."

மணிமாறன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாங்கினான். "வணக்கம் மேடம். ஆமாங்க மேடம். தெனம் தோப்புக்குப் போயி நாந்தான் அளந்தேன். ஒருநாள்கூட விடலைங்க." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். "வத்தலக்குண்டா? இல்லைங்களே, நான் அங்கெல்லாம் போறதில்லைங்க." அவன் முகம் வெளுத்தது. போனைத் தங்கையிடம் நீட்டினான்.

"கௌசல்யா," என்றார் மேடம். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "மாசாமாசம் நீ எனக்கு அனுப்பிவச்ச பதிவு எல்லாத்தையும் காலையிலேருந்து ஒண்ணு விடாமக் கேட்டுக்கிட்டிருக்கேன். ஒண்ணுல பஸ் ஸ்டாண்டு சத்தம், நிலக்கோட்டைன்னு கண்டக்டர் கூவுறாரு. இன்னொண்ணுல பைக் சத்தம் வருது. ஊசி போட்ட கையோட நிக்காதன்னு ஒரு ஆள் சொல்றாரு. யாருன்னு தெரியாம இருந்துச்சு. இப்பப் பேசுனாரே உங்க அண்ணன், அதே குரல்."

கௌசல்யா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அவரு எதையோ மறைக்கிறாரு. எனக்கு மழை முக்கியம் இல்லம்மா இப்ப. அந்தப் பொண்ணுகிட்டப் பேசணும். போனை அவங்ககிட்டக் குடு."

வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டி இன்னும் கிளம்பவில்லை. சுருளிவேல் சாவியைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். மதினி என்று ஒரு குரல் கொடுத்தால் கேட்கிற தூரம். கூடத்தில் அண்ணனும் அம்மாவும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அவங்க இங்க இல்ல மேடம்."

"வளைகாப்பு முடிஞ்சு கூட்டிட்டுப் போயிட்டாங்களா? அம்மா வீடு எந்த ஊரு? ஊர் பேரச் சொல்லு, நானே போயிப் பாத்துக்கறேன்."

கார் புறப்பட்டுப் பந்தலைத் தாண்டிப் போனது.

"தெரியாது மேடம்," என்றாள் கௌசல்யா.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நத்தத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, பானுப்ரியாவின் தலையில் முதல் முழம் பூவை வைத்தது அவள்தான்.